பால் பைத்தான் வளர்ப்பில் வெப்பக் கோளாறும் ஈரப்பதக் கோளாறும்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வளர்ப்பவர்கள் பால் பைத்தான் (ball python) என்று அழைக்கும் சிறிய மலைப்பாம்பு, செனகல் முதல் உகாண்டா வரையிலான ஆப்பிரிக்கப் புல்வெளிகளுக்கும் திறந்த காடுகளுக்கும் உரியது. பகல் முழுவதும் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் சுருண்டு கிடந்து, இருட்டிய பிறகு இரை தேடும் இந்தப் பாம்பு, வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் வளைக்குள் இருக்கும் சீரான வெம்மைக்கும் ஈரக் காற்றுக்கும் பழகியது. அதைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து, வலை மூடி போட்டு, மேலே ஒரு விளக்கை எரியவிடும்போது, அந்த வளைக்கு நேர் எதிரான இடத்தைத்தான் நாம் அதற்குக் கொடுக்கிறோம். செரிமானம், நோய் எதிர்ப்பு, தோல் உரிப்பு ஆகிய எல்லாமே வெளிச்சூட்டைச் சார்ந்திருக்கும் உயிர் என்பதால், அது சோர்ந்தாலோ சாப்பிடாவிட்டாலோ மருந்தைத் தேடுவதற்கு முன் தொட்டியை அளந்து பார்ப்பதே முறை.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு உள்ளிட்ட நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் வெளிநாட்டு இனம்தான் என்றாலும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் 2ஆம் பின்னிணைப்பில் இருப்பதால், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதையும் அரசிடம் பதிவு செய்தே வைத்திருக்க வேண்டும். பதிவில்லாத பாம்பை மருத்துவரிடம் கொண்டுபோகத் தயங்குபவர்கள் உண்டு. அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுப்பது பாம்புதான்.

கீழே வரும் அறிகுறிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான அளவுகள் இவை. வெப்பப் பக்கத்தில் பாம்பு படுக்கும் இடத்தின் மேற்பரப்பு 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ப் பக்கம் 24 முதல் 27 டிகிரி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே போகாத காற்று, 60 முதல் 80 சதவீதம் ஈரப்பதம். இரண்டு பக்கத்திலும் உடல் உரசும் அளவுக்கு இறுக்கமான பதுங்கிடம் ஒவ்வொன்று வேண்டும். குளிர்ப் பக்கத்தில் மட்டும் பதுங்கிடம் இருந்தால், பயந்த பாம்பு வெப்பத்தை விட்டுக்கொடுத்து மறைவைத் தேர்ந்துகொள்ளும். அப்போது சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் எந்த எண் இருந்தாலும் பாம்புக்கு அந்தச் சூடு போய்ச் சேராது.

முதலில் கருவிகளைச் சோதியுங்கள்

கடையில் தொட்டியோடு சேர்த்துக் கொடுக்கும், முள் சுழலும் வட்டமான ஈரப்பதமானிகளை நான் நம்புவதில்லை. அவற்றில் 20 சதவீதம் வரை பிழை இருப்பது சாதாரணம். அதைப் பார்த்துத் தண்ணீர் தெளிப்பதால் தொட்டி வறண்டும் போகலாம், சேறாகவும் ஆகலாம். கம்பியின் நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் கருவிகள் இரண்டை வாங்கி, பக்கத்துக்கு ஒன்றாக, பாம்பு படுத்திருக்கும் உயரத்தில் உணரியைப் பொருத்துங்கள். தொட்டியின் மேல் விளிம்பில் ஒட்டிய கருவி, பாம்பு ஒருபோதும் போகாத இடத்தின் அளவைத்தான் சொல்லும்.

கருவி சரியாக இருக்கிறதா என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு பாட்டில் மூடி நிறையச் சமையல் உப்பை எடுத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈர மணல்போல ஆகும்வரை கிளறுங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது, மேலே தண்ணீர் தேங்கவும் கூடாது. அந்த மூடியையும் கருவியையும் ஒன்றையொன்று தொடாமல் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் வைத்து, வெயில் படாத இடத்தில் ஓர் இரவு விட்டுவிட்டால், பைக்குள் இருக்கும் காற்று 75 சதவீத ஈரப்பதத்தில் வந்து நிற்கும். காலையில் பையைத் திறக்காமல் பாருங்கள். கருவி 69 என்று காட்டினால், இனி அது காட்டும் எந்த எண்ணோடும் 6 கூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி அதன் பின்னால் ஒட்டிவிடுங்கள். வெப்பமானியின் உணரி நீர் புகாததாக இருந்தால், நொறுக்கிய பனிக்கட்டி நிறைந்த தண்ணீரில் அதை வைத்துப் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பார்க்கலாம்.

தெர்மோஸ்டாட் இல்லாமல், தொட்டிக்கு அடியில் வைக்கும் சூட்டு விரிப்பான ஹீட் மேட்டையோ விளக்கையோ ஒரு நாள்கூடப் பயன்படுத்த வேண்டாம். தெர்மோஸ்டாட் இருந்தாலும், அதிலிருந்து தனியான வெப்பமானி ஒன்று வேண்டும். உள்ளேயுள்ள ரிலே என்னும் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைத் துண்டிக்காமல் போவது நடக்கக்கூடியது, அதைத் தெர்மோஸ்டாட் தானாக உங்களுக்குச் சொல்லாது.

சட்டை துண்டு துண்டாக உரிகிறது

நலமான பால் பைத்தான் தன் சட்டையை மூக்கு நுனி முதல் வால் நுனி வரை ஒரே காலுறையாகக் கழற்றிப் போடும். தோல் மங்கி, வயிறு இளஞ்சிவப்பாகி, கண்கள் பால் படிந்ததுபோல் நீலமாகும். சில நாள்களில் கண்கள் தெளியும். அதற்குப் பின் மேலும் சில நாள்களில் சட்டை கழலும். சட்டை பிய்ந்து பிய்ந்து வந்தாலோ, உடலில் காகிதம் ஒட்டியதுபோல் தங்கிவிட்டாலோ, ஏறக்குறைய எப்போதும் காரணம் வறட்சிதான்.

வெப்பமும் ஈரப்பதமும் தனித்தனி விஷயங்கள் என்று நினைப்பவர்கள் குழம்பும் இடம் இதுவே. 20 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் அறைக் காற்று தொட்டிக்குள் போய் 32 டிகிரிக்குச் சூடானால், அதிலுள்ள நீர் ஒரு துளியும் குறையாமலே ஈரப்பதம் சுமார் 30 சதவீதமாகிவிடும், ஏனென்றால் சூடான காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியும். டொராண்டோவிலோ லண்டனிலோ குளிர்காலத்தில் இது இன்னும் கடுமையாகும். மைனஸ் 10 டிகிரிக் காற்று வீட்டுக்குள் வந்து 22 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் ஈரப்பதம் 10 சதவீதம் அளவுக்கு விழுகிறது. நம் மூச்சும் சமையலும் குளியலும் அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கின்றன. கோடையில் ஒழுங்காகச் சட்டை உரித்த பாம்பு ஜனவரியில் தடுமாறினால், பாம்பில் எந்த மாற்றமும் இல்லை, வீட்டின் ஹீட்டர்தான் ஓட ஆரம்பித்திருக்கிறது. சென்னையில் ஏசி அறையில் வைத்த தொட்டிக்கும் இதே வறட்சி வரும்.

தண்ணீர் தெளிப்பது இதற்கு நல்ல தீர்வாகாது. தெளித்தவுடன் எண் 90க்கு ஏறி, ஒரு மணி நேரத்தில் பழைய இடத்துக்கே இறங்கிவிடும்; இடையில் தொட்டியின் தரையில் பரப்பிய படுகையின் மேற்பரப்பு மட்டும் நனைந்து பாம்பின் வயிற்றில் படும். வலை மூடியின் நான்கில் மூன்று பங்கை அலுமினியத் தாளாலோ அக்ரிலிக் தகட்டாலோ மூடி, காற்றுக்கு ஒரு பங்கை விட்டுவிடுங்கள். விளக்கோ செராமிக் ஹீட்டரோ இருக்கும் இடத்தை மட்டும் மூடக் கூடாது. தேங்காய் மட்டைத் துண்டுகளையோ தென்னை நார்த் துகளையோ 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்பி, தொட்டியின் மூலைகளில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் அடிக்கு இறங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். மேலே ஒரு விரல் ஆழத்துக்கு எப்போதும் உலர்வாக இருக்கும். தேவதாரு மரச்சீவல் வேண்டாம், அதன் எண்ணெய் பாம்புகளுக்கு நஞ்சு. கண் மங்கிய நாளிலிருந்து, ஈரப் பாசி நிரப்பிய மூடிய டப்பா ஒன்றில் நுழைவாயில் வெட்டி வைத்தால், பாம்பு தானாகவே அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும் சட்டையைக் கையால் இழுக்காதீர்கள். காற்றுத் துளையிட்ட பெட்டியில், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டுகளோடு பாம்பை 30 முதல் 45 நிமிடம் வைத்து, பெட்டிக்குள் 28 முதல் 30 டிகிரி இருக்கும்படி பார்த்துக்கொண்டால், துண்டுகளில் உரசி ஊர்ந்தே பெரும்பகுதியைக் கழற்றிவிடும். பிறகு இரண்டு இடங்களை உற்றுப் பாருங்கள். வால் நுனியில் பழைய தோல் வளையமாகத் தங்கியிருந்தால், அது இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுத்து நுனியைக் கறுத்து அழுகச் செய்யும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதில் சட்டையோடு சேர்ந்து கழல வேண்டும். உரித்த சட்டையின் தலைப் பகுதியை வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு வட்டச் செதில்களும் தெரியும். ஒன்று குறைந்தால் ஈரப்பதத்தைச் சரிசெய்து அடுத்த உரிப்புவரை காத்திருங்கள். அப்போதும் வராவிட்டால் மருத்துவர் எடுக்கட்டும். இடுக்கியால் அதைப் பிய்க்கப் போய் அடியிலிருக்கும் உண்மையான செதிலையே கிழித்துவிட்டால், அந்தக் கண் போய்விடும்.

மூச்சில் சீழ்க்கை, வாயில் நுரை

சட்டை உரிக்கும் நாள்களில் மூக்குத் துளையில் தோல் துணுக்கு சிக்கி மெல்லிய சீழ்க்கை கேட்கலாம். உரித்து முடிந்ததும் அது நின்றுவிடும். ஆனால் மூச்சில் கொறகொறப்பு, மூக்கில் குமிழ், வாயோரம் பசை போன்ற எச்சில், வாயைத் திறந்தபடியோ தலையை மேலே தூக்கியபடியோ மூச்சுவிடுவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அதைச் சுவாசத் தொற்றாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பாம்புக்கு உதரவிதானம் கிடையாது, நம்மைப்போல் இருமிச் சளியை வெளியேற்ற அதனால் முடியாது. ஊர்வனவற்றின் சீழும் கெட்டியானது. அதனால் "இரண்டு நாள் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவது ஆபத்து.

தொட்டியில் தேட வேண்டியது குளிரும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் நிலையை. 80 சதவீத ஈரப்பதம் 30 டிகிரியில் பாம்புக்கு நல்லது. அதே ஈரப்பதம் இரவில் 20 டிகிரியில், காற்றோட்டமும் இல்லாமல், நோய்க்கு அழைப்பு. வெப்பமானியில் குறைந்தபட்ச அளவைச் சேமிக்கும் வசதி இருந்தால், விடியற்காலை எண்ணைப் பாருங்கள். பகலில் எல்லாம் சரியாகத் தெரியும் தொட்டிகளின் குறை பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வெளிப்படும். குளிர்ப் பக்கத்தை 27 டிகிரிக்கும் வெப்பப் பக்கத்தை 32 அல்லது 33 டிகிரிக்கும் உயர்த்தி, இரவிலும் அதை இறக்காமல் வைத்து, ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஆன்டிபயாட்டிக் ஊசி போட்ட பிறகும் இந்த வெப்பம் தொடர வேண்டும். குளிர்ந்து கிடக்கும் பாம்பின் உடல் மருந்தோடு சேர்ந்து போராடாது.

தொட்டி எல்லா விதத்திலும் சரியாக இருந்தும் தொற்று திரும்பத் திரும்ப வந்தால், மலைப்பாம்புகளைத் தாக்கும் செர்பென்டோவைரஸ் இருக்கிறதா என்று வாயிலிருந்து மாதிரி எடுத்து பி.சி.ஆர். சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். 2014ஆம் ஆண்டு முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த வைரஸை வெப்பத்தாலோ ஈரப்பதத்தாலோ நீக்க முடியாது. புதிதாக வாங்கிய பாம்பைக் குறைந்தது 90 நாள் வேறு அறையில், வேறு கருவிகளோடு வைத்திருப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

வயிற்றுச் செதில்களில் சிவப்பு அல்லது கொப்புளம்

இங்கே இரண்டு காரணங்கள் ஒரே தோற்றத்தைத் தரும், சிகிச்சைக்கு முன் பிரித்தறிய வேண்டும். புண் ஒரே இடத்தில், ஓரளவு தெளிவான எல்லையோடு, ஹீட்டருக்கு மேல் படுக்கும் பகுதியில் இருந்தால் அது தீப்புண். வயிறு முழுவதும் ஆங்காங்கே சிறு நீர்க் கொப்புளங்களும் பழுப்புக் கறைகளுமாக இருந்தால், நனைந்த படுகையில் வெகுநாள் கிடந்ததால் வந்த செதில் அழுகல்.

தீப்புண் சந்தேகம் வந்தால், படுகையை விலக்கி, ஹீட் மேட்டுக்கு நேர் மேலே உள்ள கண்ணாடித் தரையைத் தொட்டபடி வெப்பமானியின் உணரியை வையுங்கள். படுகையின் மேற்பரப்பு 32 டிகிரி காட்டும்போது அடியில் கண்ணாடி 40 டிகிரியைத் தாண்டியிருக்கக்கூடும், பாம்போ தோண்டிக்கொண்டு அடிக்குத்தான் போகும். தன் வயிறு வெந்துகொண்டிருப்பதை உணர்ந்து பாம்பு உடனே நகர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம், நகராமலே கிடக்கும் பாம்புகள் ஏராளம். தெர்மோஸ்டாட்டின் உணரியை ஹீட் மேட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒட்டுங்கள். சூடாகும் செயற்கைப் பாறைகளை எடுத்து எறிந்துவிடுங்கள்; தொட்டிக்குள் தொங்கும் விளக்குக்குக் கம்பிக்கூடு போடுங்கள்.

எந்தக் காரணமாக இருந்தாலும் படுகையை நீக்கி வெள்ளைக் காகிதத் துண்டுகளை விரித்து, நனைந்ததும் மாற்றிக்கொண்டே இருங்கள். காகிதத்துக்கு மாறியதும் ஈரப்பதம் சரியும். அதை ஈடுகட்டப் பெரிய தண்ணீர்ப் பாத்திரத்தை வெப்பப் பக்கத்துக்கு நகர்த்தலாம். வாய் திறந்த புண்ணோ சீழோ இருந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

இரை எடுக்க மறுக்கிறது

இந்த இனம் உண்ணாமல் இருப்பதில் பேர்போனது. வளர்ந்த ஆண் பாம்புகள் இணைசேரும் பருவத்தில் மாதக்கணக்கில் இரையைத் தொடாமல் இருந்தும் எடை பெரிதாகக் குறையாது. ஆகவே கவலைப்படுவதற்கு முன் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்.

எடை குறையாத பாம்புக்கு வெப்பப் பக்கத்தின் அளவையும் பதுங்கிடங்களையும் சரிபாருங்கள். செரிக்கப் போதுமான சூடு கிடைக்காத பாம்பு விழுங்கவே முன்வராது. இரையின் சூடும் முக்கியம். பால் பைத்தானின் மேல் உதட்டோரம் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. உறைநிலையிலிருந்து எடுத்த எலியின் உட்பகுதி முழுவதும் உருகிய பிறகு, அதை உறையிலிட்டு வெந்நீரில் வைத்துத் தலைப்பகுதி 38 டிகிரி அளவுக்குச் சூடானதும் நீட்டினால், மறுத்துக்கொண்டிருந்த பாம்பும் பல நேரங்களில் பாய்ந்து பிடிக்கும்.

விழுங்கியதைக் கக்குகிறது

இரை விழுங்கிய பிறகு வெப்பம் குறைந்துவிட்டதா, இரை உடலின் பருத்த பகுதியைவிடப் பெரிதாக இருந்ததா, 48 மணி நேரத்துக்குள் யாராவது பாம்பைக் கையில் எடுத்தார்களா என்று இந்த வரிசையில் பாருங்கள். கக்கும்போது வயிற்று அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்குவதால், பசியோடு தெரிந்தாலும் இரண்டு வாரம் எதுவும் கொடுக்காமல் தண்ணீர் மட்டும் வைத்து, பிறகு வழக்கமான அளவில் பாதி உள்ள இரையோடு தொடங்குங்கள். மறுபடியும் கக்கினால் மருத்துவர்.

தண்ணீர்ப் பாத்திரத்திலேயே கிடக்கிறது

சட்டை உரிக்கும் நேரத்தில் ஓரிரு நாள் இப்படிக் கிடப்பது இயல்பு. மற்ற நேரத்தில், முதலில் பாத்திரத்தின் அடியில் மிளகுத்தூள் அளவில் கறுப்புப் புள்ளிகள் மூழ்கிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். ஈரமான வெள்ளைக் காகிதத் துண்டால் பாம்பைத் தலையிலிருந்து வால்வரை துடைத்து, கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியிலும் அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். காகிதத்தில் நகரும் புள்ளிகள் இருந்தால் அவை பாம்பு உண்ணிகள். அப்போது பாம்பு, படுகை, தொட்டி ஆகிய மூன்றுக்கும் ஒரே நாளில் சிகிச்சை வேண்டும், மருந்தை மருத்துவரே சொல்லட்டும். நாய்க்கும் பூனைக்கும் போடும் உண்ணி மருந்துகள் சில பாம்பைக் கொன்றுவிடும்.

உண்ணி இல்லையென்றால் பெரும்பாலும் சூடு அதிகம். சென்னையின் மே மாதத்தில் ஹீட்டரை அணைத்த பிறகும் குளிர்ப் பக்கமே 34 டிகிரியைத் தாண்டக்கூடும், தப்பித்துப் போகத் தண்ணீரைத் தவிர வேறிடம் அதற்கு இல்லை. 35 டிகிரிக்கு மேல் நீடிப்பது உயிருக்கே ஆபத்து. தொட்டியைத் தரைத்தளத்துக்கோ ஏசி அறைக்கோ மாற்றுங்கள். பனிக்கட்டிப் பாட்டிலைத் துணியில் சுற்றிக் குளிர்ப் பக்கத்தின் கண்ணாடிக்கு வெளியே சாய்த்து வைப்பது தற்காலிகமாக உதவும்.

ஓயாமல் அலைகிறது, மூக்கைத் தேய்க்கிறது, தலை அண்ணாந்து நிற்கிறது

இரவெல்லாம் சுவரோரம் ஏறி இறங்கி மூக்கைத் தேய்க்கும் பாம்பு, தான் தேடும் அளவு தொட்டியில் எங்குமே இல்லை என்று காட்டுகிறது. இரண்டு பக்கங்களுக்கும் இடையே ஐந்து டிகிரி வேறுபாடாவது இருக்கிறதா என்று பாருங்கள். சிறு தொட்டிகள் முழுவதும் ஒரே சூடாகிவிடுவது வழக்கம்.

தலை தள்ளாடுவதும், மல்லாக்கப் புரள்வதும், இரையைக் குறிதவறிக் கொத்துவதும் வேறு வகை. ஸ்பைடர் எனப்படும் நிற வகைப் பாம்புகளுக்கு இந்தத் தள்ளாட்டம் பிறவியிலேயே மரபணுவோடு வருகிறது. அந்த வகை அல்லாத பாம்பில் இது திடீரென்று தோன்றினால், அதீதச் சூடு, நஞ்சு, நரம்பைத் தாக்கும் வைரஸ் என எதுவாகவும் இருக்கலாம்; தொட்டியை அளந்து எண்ணைக் குறித்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.

மின்சாரம் போய்விட்டது

2013 டிசம்பரில் டொராண்டோவில் உறைமழை பெய்தபோது பல வீடுகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் இருப்பவர்கள் ஒரு தெர்மோகோல் பெட்டியையும் துணிப்பையையும் கையோடு வைத்திருக்க வேண்டும். பாம்பைத் துணிப்பையில் கட்டி, பையைத் துளையிட்ட பெட்டியில் வைத்து, துணியில் சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்து, உள்ளே 25 டிகிரி இருக்கிறதா என்று வெப்பமானியால் பார்த்துக்கொண்டே பாட்டிலை மாற்றுங்கள். கை சூடேற்றும் பொட்டலங்கள் 50 டிகிரிக்கு மேல் போகக்கூடியவை, அவற்றைப் பெட்டிக்குள் போடாதீர்கள். இரை விழுங்கி மூன்று நாளுக்குள் மின்சாரம் போயிருந்தால் கக்குவதற்கு வாய்ப்பு உண்டு, எனவே புயலோ பனியோ அறிவிக்கப்பட்ட வாரத்தில் இரை கொடுப்பதை ஒத்திவையுங்கள். மின்சாரம் திரும்பியதும் பாம்பை உள்ளே விடுவதற்கு முன், தெர்மோஸ்டாட் பழைய அமைப்பை நினைவில் வைத்திருக்கிறதா என்று பார்த்து, இரண்டு பக்கமும் உரிய அளவுக்கு வந்து ஒரு மணி நேரம் நிலையாக நிற்கும்வரை பெட்டியிலேயே வைத்திருங்கள்.